புத்தகம் வந்து நாலு மாதம், நண்பர்கள் ஓடி ஒளிகிறார்கள். எங்கே ஆரம்பிப்பது?

மேசைவிளக்கு கேட்கிறார்:

வணக்கம். 22 வருடம் இரவு ஷிப்ட்டில் வேலை பார்த்தவன் நான். பகலில் தூங்குவது எப்படி, உடம்பு என்ன பாடு படுகிறது, வீட்டில் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதையெல்லாம் 140 பக்கத்தில் புத்தகமாக எழுதினேன். (பெயரைப் போடவில்லை, விளம்பரம் என்று பதிவைத் தூக்கிவிடுவீர்கள்.) முதல் வாரம் தெரிந்தவர்கள் எல்லோரும் வாங்கினார்கள், அதோடு சரி. தினமும் காலையில் அட்டைப்படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைக்கிறேன், பேஸ்புக்கிலும் போடுகிறேன். ஆரம்பத்தில் அறுபது எழுபது லைக் வந்த இடத்தில் இப்போது ஆறு வருகிறது, அதிலும் இரண்டு என் மச்சானும் அவர் மனைவியும். போன வாரம் ஒரு பழைய நண்பர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். போன் தலைகீழாக இருந்தது.

இன்னொன்று, ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். அறிமுகம் செய்தவர் புத்தகத்தின் பெயரையே மாற்றிச் சொன்னார், போதாததற்கு “மாத்திரை இல்லாமல் தூக்கம் வரவழைப்பவர்” என்று வேறு சேர்த்துவிட்டார். பேசி முடித்ததும் நாலு பேர் மருந்துச் சீட்டோடு வந்து நின்றார்கள். நான் டாக்டரே இல்லை! இப்படி மேடை ஏறினால் புத்தகம் விற்குமா? பணம் கட்டினால் மொத்த விளம்பரத்தையும் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு நிறுவனம் மெயில் அனுப்பியிருக்கிறது, விருதுப் பரிந்துரை வரைக்கும் பேக்கேஜில் உண்டாம். எனக்கோ கூச்ச சுபாவம். என்ன செய்யலாம்?

பின்வரிசை:

நான் கூட்டம் ஏற்பாடு செய்கிறவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அந்த அறிமுகக் கூத்தில் பாதித் தப்பு உங்களுடையது, கோபித்துக்கொள்ளாதீர்கள். தொகுத்து வழங்குபவரிடம் கூட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் “இவர்தான் அடுத்துப் பேசுகிறார்” என்று ஒரு பெயரைக் கொடுப்போம். அவர் போனில் தேடுவார், கிடைத்ததைச் சொல்வார், கிடைக்காததைச் சொந்தமாகச் சேர்ப்பார். அதனால் உங்கள் அறிமுகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். அழைப்பிதழுக்கு அனுப்பும் குறிப்பு கண்ணால் படிப்பதற்கானது, அதில் நீள வாக்கியம் இருந்தால் பரவாயில்லை. மேடையில் வாசிக்கும் அறிமுகம் காதுக்கானது. சின்னச் சின்ன வாக்கியமாக, ஒரு நிமிடத்துக்குள் முடிகிற மாதிரி, பெரிய எழுத்தில் அச்செடுத்து இரண்டு பிரதி கையில் வைத்துக்கொள்ளுங்கள். மெயிலில் முன்கூட்டியே அனுப்பியிருந்தாலும் இது வேண்டும், மெயிலைப் பார்த்தவர் அன்றைக்கு வந்திருக்க மாட்டார். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் மற்றவர்கள் செய்யும் அறிமுகம் பிடிக்காமல் பல மேடைகளில் தானே தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாராம். நமக்கு அந்தத் துணிச்சல் கிடையாது, காகிதம் போதும்.

அடுத்தது போட்டோ. யாருடைய தோளோ ஓரத்தில் தெரிகிற குரூப் போட்டோவை வெட்டி அனுப்பாதீர்கள். நல்ல படத்தையும் வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது அளவைச் சுருக்கிவிடும், பேனரில் போட்டால் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே வந்து சேரும். வீடியோ கேட்டால், வெட்டாத ஐந்து நிமிடம் கொடுங்கள், எதிரில் இருப்பவர்கள் சிரிக்கிற சத்தமோ இருமுகிற சத்தமோ கேட்கட்டும். பின்னணி இசை போட்டு ஒட்டுப்போட்டதைப் பார்த்து எனக்கு ஒன்றும் புரிவதில்லை, இவரால் ஒரு கூட்டத்தைக் கையில் வைத்திருக்க முடியுமா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

தலைப்பு ரொம்ப முக்கியம். “தூக்கத்தின் மகத்துவம்” என்று வந்தால் நான் அடுத்த மெயிலுக்குப் போய்விடுவேன். “இரவு ஷிப்ட் முடிந்து வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும் அந்த அரை மணி நேரம்” என்று வந்தால் உடனே போன் செய்வேன், ஏனென்றால் யாரைக் கூட்டிவந்து உட்காரவைப்பது என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம், 20 நிமிடம் தந்தால் 18-ல் முடியுங்கள். உலகம் முழுக்கப் பார்க்கிற டெட் (TED) உரை மேடையே பெரிய பெரிய ஆட்களுக்கும் 18 நிமிடம்தான் என்று வைத்திருக்கிறது. நேரத்துக்கு முடிப்பவரை நாங்கள் மறப்பதே இல்லை, அடுத்த கூட்டக்காரரிடமும் பெயர் சொல்லி அனுப்புவோம்.

அரைப்பக்கம்:

புத்தகம் விற்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் ஸ்டேட்டஸைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ராத்திரி பத்து மணிக்குத் தூங்கப் போகிறவர்கள். அவர்களுக்கு எதற்கு இந்தப் புத்தகம்? பாசத்துக்காக ஒரு தடவை வாங்கிவிட்டார்கள், தினமும் பாசம் காட்டச் சொன்னால் போனைத் தலைகீழாகத்தான் பிடிப்பார்கள். உங்கள் வாசகர் நர்ஸ், காவலாளி, ஆலைத் தொழிலாளி, கால் சென்டரில் இருக்கிறவர், அதைவிட முக்கியமாக இவர்களின் வீட்டுக்காரர்கள், பகல் முழுக்கக் குழந்தையை “ஷ்ஷ்” என்று அடக்கிக்கொண்டு இருப்பவர்கள். அந்த இடங்களில் ஷிப்ட் மேற்பார்வையாளரோ, பணியிடப் பாதுகாப்பைப் பார்ப்பவரோ, சங்கச் செயலாளரோ ஒருவர் இருப்பார். அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், “புத்தகம் வாங்குங்கள்” என்று எழுதாமல், உங்கள் ஆட்களுக்கு அரை மணி நேரம் பேசுகிறேன், ஷிப்ட் மாறும் நேரத்திலேயே வருகிறேன் என்று எழுதுங்கள். இலக்கியக் கூட்டத்தில் நூறு பேர் கைதட்டுவதைவிட இங்கே முப்பது பேர் கேட்டாலே அதிகம் விற்கும். என் அனுபவத்தில் சொல்கிறேன், என் புத்தகம் முதுகுவலி பற்றியது, பாதி விற்றது லாரி ஓட்டுநர்களின் கூட்டங்களில்தான்.

கேட்டவர்களின் நம்பரை அனுமதி கேட்டு வாங்குங்கள். கேட்காமல் குரூப்பில் சேர்த்தால் அன்றைக்கே மியூட். வாட்ஸப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) போடுகிறேன் என்று கிளம்பினால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். இது தெரியாமல் நான் ஆறு மாதம் காற்றில் பேசிக்கொண்டிருந்தேன். மெயில் முகவரி வாங்க முடிந்தால் இன்னும் நல்லது, எந்தக் கம்பெனி விதியை மாற்றினாலும் அந்தப் பட்டியல் உங்களிடமே இருக்கும்.

மதிப்புரை விஷயத்தில் மச்சானை இழுக்காதீர்கள். குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் எழுதக்கூடாது என்பது அமேசானின் விதி, கண்டுபிடித்தால் நீக்கிவிடுவார்கள். இலவசப் பிரதி கொடுக்கலாம், பதிலுக்கு எழுதியே ஆகவேண்டும் என்று நிபந்தனை போடக்கூடாது. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855-ல் தன் கவிதைத் தொகுப்புக்குப் பெயர் போடாமல் தானே மதிப்புரை எழுதி வெளியிட்டார், மறுவருடப் பதிப்பின் முதுகில் அன்றைய பெரிய எழுத்தாளர் எமர்சன் தனக்கு அனுப்பிய தனிக்கடிதத்தின் ஒரு வரியைக் கேட்காமலே அச்சடித்தார். மகாகவி, தப்பித்துவிட்டார். நாம் மாட்டிக்கொள்வோம்.

கறார்பேர்வழி:

அந்த பேக்கேஜ் பற்றி யாரும் சொல்லவில்லையே. நானும் ஒரு தடவை கட்டி ஏமாந்தவன். ஒரே செய்திக்குறிப்பை ஒரு டஜன் இணையதளங்களில் போட்டு லிங்க் அனுப்பினார்கள், யாரும் எட்டிப் பார்க்காத தளங்கள், இரண்டில் என் பெயரே தப்பு. நேர்காணல் என்று வந்தது, கேள்வியையும் என்னையே எழுதச் சொன்னார்கள். விருது தருகிறவர்கள் உங்களிடம் பணம் கேட்டால் அதன் பெயர் விற்பனை. பணம் கட்டுவதற்கு முன் அவர்கள் விளம்பரம் செய்த மூன்று எழுத்தாளர்களை நீங்களே தேடிப்பிடித்து நேரடியாகக் கேளுங்கள், அவர்கள் கொடுக்கும் நம்பரில் அல்ல.

அப்புறம் மேலே இருப்பவர்கள் சொன்னதில் பாதி எனக்கு ஒப்புதல் இல்லை. பேஸ்புக்கே வேண்டாம் என்கிற மாதிரி பேசுகிறார்கள். அட்டைப்படத்தை நிறுத்துங்கள், எழுதுவதை நிறுத்தாதீர்கள். ராத்திரி மூன்று மணிக்கு வரும் பசி பற்றி நாலு பத்தி எழுதினால் அது யாருக்கோ போய்ச் சேரும்.

மேசைவிளக்கு:

நன்றி எல்லோருக்கும். பேக்கேஜ்காரர்களிடம் மூன்று பேர் பெயர் கேட்டேன், இதுவரை பதில் இல்லை. அறிமுகம் ஒன்று எழுதிப் பார்த்தேன், திட்டாதீர்கள்:

“பன்முகத் திறமை கொண்ட எழுத்தாளரும், சிந்தனையாளரும், இரவுப் பணியில் நீண்ட அனுபவம் பெற்றவரும், தூக்கம் குறித்த விழிப்புணர்வை ஏற்படுத்திவருபவருமான...”

பின்வரிசை:

மூச்சு முட்டுகிறது. “சிந்தனையாளர்” என்பதை அடுத்தவர் சொன்னாலே கூட்டம் போனை எடுத்துவிடும். இதை வாசிக்கச் சொல்லுங்கள்:

“இவர் 22 வருடம் ராத்திரியில் வேலை பார்த்தவர். பகலில் தூங்கக் கற்றுக்கொள்ள அதில் ஒன்பது வருடம் ஆனதாம். கற்றுக்கொண்டதை ஒரு புத்தகமாக எழுதியிருக்கிறார். இவர் டாக்டர் அல்ல, மருந்து பற்றிக் கேட்காதீர்கள். இன்றைக்கு இவர் பேசப்போவது, ஷிப்ட் முடிந்து வண்டியில் வீடு திரும்பும் அந்த அரை மணி நேரத்தைப் பற்றி.”

ஒன்பது வருடம் என்பது நானாகப் போட்டது, உண்மையான கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே புத்தகத்தின் பெயரைத் தனி வரியில், இன்னும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

மேசைவிளக்கு:

பதினொன்று. மாற்றிவிட்டேன். சங்கச் செயலாளர் ஒருவருக்குக் கடிதமும் போட்டாயிற்று, காலை ஆறு மணி ஷிப்ட் மாற்றத்துக்கு வரமுடியுமா என்று கேட்கிறார். எனக்கென்ன, நான் எப்படியும் விழித்துத்தான் இருப்பேன்.