பெரிய மாமாவின் கேம் பெட்டி: எங்கள் குடும்பக் குழுவில் இருந்து

சனிக்கிழமை

பெரிய மாமா: (படம்) வவுனியாவில் இருந்து பட்டா லொறியில் ஏற்றி மாங்குளம் கொண்டுவந்து சேர்த்தாயிற்று. நான்கு பேர் பிடித்தும் இறக்குவதற்குள் முதுகு விட்டுப்போய்விட்டது.

மாமி: விறாந்தையில் நெல் மூட்டைக்கே இடம் இல்லை. இது வேறா?

லண்டன் சித்தி: அண்ணை, இது என்ன, அலமாரியா?

ரொறன்ரோ அண்ணா: சித்தி, இது காசு போட்டு விளையாடும் வீடியோ கேம் பெட்டி! படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2. கப்கொம் நிறுவனம் 1991 இல் வெளியிட்டது. 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகு அப்பாவோடு ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வவுனியாவுக்குப் போவேனே, அப்போது விளையாடியிருக்கிறேன். அப்பா மருந்துக் கடை வரிசையில் நிற்பார், நான் இதற்கு முன்னால் நிற்பேன்.

அம்மா: மிச்சக் காசு ஏன் ஒருநாளும் வீடு வந்து சேரவில்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது.

பெரிய மாமா: கடையை மூடிப் பல வருடம். பின்னறையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். விறகு விலைக்குத் தந்தார்கள்.

மாமி: விறகாகவே எரித்திருக்கலாம்.

நான்: பின்கதவைத் திறந்து பார்த்தேன். காசு போடும் துவாரத்துக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. அடிப்பலகையைக் கறையான் தின்றுவிட்டது, விரலால் குத்தினால் உள்ளே போகிறது. ஆனால் சர்க்கிட் போர்டும் படக்குழாயும் முழுதாக இருக்கின்றன.

தம்பி: அக்கா, அந்தப் பழைய குழாயைத் தூக்கி எறி. தட்டைத் திரையும் ஒரு சின்னக் கணினியும் போட்டால் ஆயிரம் கேம் விளையாடலாம்.

ரொறன்ரோ அண்ணா: அடேய், அப்படியென்றால் பெட்டி எதற்கு? கணினியை மேசையில் வைத்து விளையாடு. இந்த போர்டு தருவது பழைய ரீவியின் வேகத்தில் வரும் படம், விநாடிக்கு 15,000 கோடுகளுக்குக் கொஞ்சம் மேல். இப்போதைய கணினித் திரைகளில் பெரும்பாலானவை அதை நேரடியாக ஏற்காது. இடையில் மாற்றும் கருவி வைத்தால் படம் ஒரு கணம் பிந்தலாம். சண்டை கேமில் அந்த ஒரு கணத்தில்தான் அடி விழும்.

பெரிய மாமா: பெரியவன் சொல்வது சரி. குழாய் இருக்கட்டும்.

ரொறன்ரோ அண்ணா: ஆனால் மாமா, யாரும் அவசரப்பட்டுக் குழாயில் கை வைக்க வேண்டாம். அதில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும். பிளக்கைக் கழற்றினாலும் உள்ளே தேங்கி நிற்கும்.

பெரிய மாமா: மருமகன், போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. அந்த டைனமோக்களைத் திருத்தியவன் நான். பிறகு எத்தனை ரீவி திறந்திருப்பேன்! இருந்தாலும் சொன்னது நல்லது. பிள்ளை, நீ இதைக் கவனமாக வாசி. குழாயின் மேற்புறத்தில் ரப்பர் தொப்பி ஒன்று இருக்கும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் இரும்பில் வயர் கட்டி, வயரின் மறுமுனையைக் குழாயைச் சுற்றி ஓடும் பின்னல் கம்பியில் கொழுவ வேண்டும். அந்தப் பின்னல்தான் எர்த். பிறகு ஸ்க்ரூ டிரைவரைத் தொப்பிக்கு அடியால் மெதுவாக நுழைத்தால் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கலாம். கேட்காவிட்டாலும் இன்னொரு தடவை செய். இதற்கு ஒரு கை போதும், மற்றக் கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். நான் பக்கத்தில் இல்லாமல் எதையும் தொடாதே.

அம்மா: அண்ணை, அவளுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை.

நான்: அம்மா!

செவ்வாய்க்கிழமை

நான்: மாமா சொன்னபடியே செய்தோம். நல்ல சத்தம். மாமியின் சேவல் கூரையில் ஏறிவிட்டது.

ரொறன்ரோ அண்ணா: மொனிட்டருக்குத் தனி ட்ரான்ஸ்போமர் இருக்கிறதா? இந்த மாதிரிப் பல மொனிட்டர்களின் தகட்டிலேயே மெயின் கரண்ட் நிற்கும். அதைத் தனியாகப் பிரித்துவிட இடையில் ஒன்று கட்டாயம் வேண்டும்.

நான்: இருக்கிறது, 230 வோல்ட்டுக்கானது. முதுகு விட்டுப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெரிய மாமா: மொனிட்டரின் கபாசிற்றர்கள், அதுதான் மின்சாரத்தைத் தேக்கும் சின்ன உருளைகள், காய்ந்துவிட்டன. இரண்டு வீங்கியும் இருக்கின்றன. வவுனியாவில் புதிது வாங்கினேன். கடைப் பையன் 85 பாகைச் சூடு வரை தாங்கும் என்று எழுதியதை நீட்டினான். வன்னி வெயிலில், மூடிய பெட்டிக்குள், அது எத்தனை நாள் தாங்கும்? 105 பாகை என்று எழுதியதைத் தேடி எடுக்க வைத்தேன். ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்தந்த இடத்திலேயே மாற்றுகிறோம். கூட்டல் கழித்தல் மாறிப் பூட்டினால் பட்டாசுதான்.

மாமி: அடிப்பலகைக்குத் தச்சர் முதிரை போடலாம் என்கிறார்.

பெரிய மாமா: முதிரை போட்டால் அவருக்குக் கொடுக்கக் காணியை விற்க வேண்டும். ப்ளைவூட் போதும், கீழே நான்கு கால் வைத்துத் தரையில் இருந்து உயர்த்திவிடலாம். கறையான் வந்தாலும் கண்ணில் படும்.

ஞாயிற்றுக்கிழமை

நான்: (படம்) படம் வந்துவிட்டது!! ஓரங்கள் வளையாமல் நேராக நிற்கின்றன. ஆனால் கேம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தானாகவே மறுபடி முதலில் இருந்து தொடங்குகிறது.

ரொறன்ரோ அண்ணா: 5 வோல்ட்டை எங்கே அளந்தாய்? கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளையிலா, போர்டிலா?

நான்: சப்ளையில் 5.05 காட்டுகிறது. போர்டில் இப்போதுதான் அளந்தேன், 4.6.

ரொறன்ரோ அண்ணா: அதுதான் காரணம். 4.75க்குக் கீழே போனால் அந்தச் சில்லுகள் தடுமாறும். வயர் வந்து பூட்டும் போர்டின் விளிம்புத் தகடுகளைப் பார், கறுத்திருக்கும்.

நான்: கறுத்துத்தான் இருக்கிறது. தம்பியின் பள்ளிக்கூட அழிறப்பரால் மெதுவாகத் தேய்க்கிறேன். கறுப்புத் துகளாகச் சுருண்டு வருகிறது, அடியில் பொன் நிறம் தெரிகிறது.

தம்பி: என் அழிறப்பர்!

நான்: இப்போது போர்டில் 5.0. நிற்கிறது, மறுபடி தொடங்கவில்லை. மாமா சீனாக்காரப் பெண்ணை எடுத்து விளையாடுகிறார்.

பெரிய மாமா: தோற்றுவிட்டேன். காலால் உதைக்கும் பொத்தான்கள் மூன்றும் வேலை செய்யவில்லை. இல்லாவிட்டால் வென்றிருப்பேன்.

அம்மா: குத்தலாம், உதைக்க முடியாது. அண்ணைக்கு ஏற்ற கேம்தான்.

ரொறன்ரோ அண்ணா: மாமா, அது பழுது இல்லை. இந்தப் பெட்டிகளின் வயரிங்குக்கு ஜப்பானில் 1985 இல் ஜம்மா என்று ஒரு பொது ஒழுங்கு வகுத்தார்கள். ஒரு பக்கத்துக்கு 28 ஆக 56 முனைகள். எந்த போர்டையும் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். ஆனால் அதில் ஓர் ஆட்டக்காரருக்கு மூன்று பொத்தான்தான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2க்கு ஆறு வேண்டும், அதனால் உதைக்கு மட்டும் போர்டில் தனி இணைப்பு வைத்தார்கள். அந்த வயரை யாரோ கழற்றி எடுத்திருக்கிறார்கள்.

நான்: ஓம், போர்டில் வெறுமையாக ஒரு சொக்கெட் இருக்கிறது. வயர் நாங்களே இழுப்போம், பிளக்தான் இங்கே கிடைக்காது.

லண்டன் சித்தி: நான் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருகிறேன். என்ன வேண்டும் என்று எழுதி அனுப்பு, வாங்கி வருகிறேன். சேலைக்கு நடுவில் வைத்தால் பாரமே தெரியாது.

ரொறன்ரோ அண்ணா: சித்தி, பொத்தான்களும் கொஞ்சம் வாங்குங்கள், பணம் நான் அனுப்புகிறேன். மாமா, பெட்டிக்கு வெளியே புதுச் சாயம் அடித்துவிடாதீர்கள். பெட்டியின் பக்கங்களில் உள்ள படம் உரிந்திருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

மாமி: சாயம் அடிக்காவிட்டால் என் விறாந்தையில் அது நிற்காது.

பெரிய மாமா: பின்பக்கம் மட்டும் அடிப்போம், அது சுவர்ப்பக்கம்தானே. ஐந்து ரூபாய்க் குற்றி போட்டால்தான் விளையாட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இப்போதே வேலியில் நிற்கிறார்கள்.

மாமி: அப்படியென்றால் காசுப்பெட்டிச் சாவி என்னிடம். கரண்ட் பில்லும் அதிலிருந்துதான்.

லண்டன் சித்தி: பிள்ளை, அந்தச் சொக்கெட்டை அளவுகோல் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. இங்கே கடையில் காட்ட வேண்டும்.

நான்: (படம்) சித்தி, கீழே தெரிவது மில்லிமீற்றர்.