ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் சொலினாய்டு (ஆயில் வழியைத் திறந்து மூடும் மின்காந்தச் சுருள் வால்வு) எரர் வந்து கியர் மாறாமல் நின்ற அனுபவம் உண்டா? பகிருங்கள்

பொள்ளாச்சிக்காரன்

பி0753. வண்டியின் கம்ப்யூட்டர் காட்டிய இந்த எரர் எண்ணை நான் மறக்கவே மாட்டேன். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது, ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் ஓ.டி. (ஓவர்டிரைவ், மேல் கியர்) விளக்கு மின்ன ஆரம்பித்தது. அடுத்த வளைவில் வண்டி மேல் கியரிலேயே மாட்டிக்கொண்டது. மிதித்தால் இன்ஜின் முனகுகிறது, வண்டி ஏறவில்லை. பின்னால் பஸ், பின்சீட்டில் அம்மா. லீவரை ‘எல்’ என்ற முதல் கியர் நிலைக்கு இழுத்து எப்படியோ ஓரம் கட்டினேன். அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது.

ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்றார்கள். நான் நம்பாமல் மறுநாள் காலை வீட்டில் சொலினாய்டுச் சுருளின் மின்தடையை மல்டிமீட்டர் வைத்து அளந்தேன். 13 ஓம். கச்சிதம். அப்படியென்றால் கியரைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்தான் கோளாறு என்று முடிவுகட்டி, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன். ஒரு மாதச் சம்பளம் போனது. அடுத்த ஏற்றத்தில் மறுபடி அதே எரர்.

அன்றைக்கு அந்த இடத்திலேயே கீழே படுத்து, கியர்பாக்ஸில் சொலினாய்டு வயர் சேரும் கனெக்டரைக் கழற்றி அளந்தேன். கியர்பாக்ஸ் உறை கையைச் சுட்டது. மீட்டரில் எண்ணே இல்லை, சர்க்யூட் அறுந்து கிடக்கிறது. அப்படியே பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். கால் மணி நேரம் கழித்து, தொடாமலேயே, திடீரென 16 என்று வந்தது. அப்புறம் சூடு இறங்க இறங்க 15, 14, 13. அந்த 16 வந்த நொடி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. சுருளில் எங்கோ அறுந்திருந்த இடம் சூட்டில் விலகி, ஆறியதும் ஒட்டிக்கொள்கிறது. கியர்பாக்ஸின் அடியிலுள்ள ஆயில் தட்டைக் கழற்றி அந்த ஒரு சொலினாய்டை மட்டும் மாற்றினோம். அதோடு சரியாகிவிட்டது.

காலையில் ஆறிப்போன வண்டியை அளந்துவிட்டு நல்லது என்று சொன்னேனே, அதுதான் மனதை அரிக்கிறது.

யாழ்ப்பாணத்தான்

எனக்குச் சொலினாய்டில் பிழையே இல்லை. ஆனால் கராஜில் இரண்டை மாற்றிக் காசும் வாங்கிவிட்டார்கள். ஏ9 வீதியில் வவுனியாவுக்குப் போகும்போது பள்ளத்தில் விழுந்தால் மட்டும் எரர் வரும். நல்ல வீதியில் வராது.

கடைசியில் கம்ப்யூட்டர் பக்கக் கனெக்டரில் மீட்டரைப் போட்டு, மச்சானைப் பார்க்கச் சொல்லிவிட்டு நான் வயரை அடி முதல் நுனி வரை விரலால் அமத்திக்கொண்டே போனேன். பற்றரித் தட்டுக்குக் கீழே வந்தபோது மச்சான் கத்தினார்: “வந்திட்டுது, வந்திட்டுது, கையை எடுக்காதேங்கோ!” அந்த இடத்தில் வயரின் உறை நன்றாகத்தான் இருந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு இல்லை, பச்சைப் பொடி. பற்றரி அசிட் எப்போதோ சொட்டியிருக்கிறது.

பொள்ளாச்சி அண்ணை, நீங்கள் கியர்பெட்டிப் பக்கம் மட்டும் அளந்தது சரியில்லை. என்னுடையதில் அங்கே அளந்தால் எந்நாளும் 13தான் காட்டியிருக்கும்.

ஓசூர் வயரிங்

அண்ணன் பெட்டிப் பக்கம் அளந்ததில் தப்பில்லை, யாழ்ப்பாண நண்பரே. சூடாக இருக்கும்போது, எரர் நிற்கும்போதே அளந்தார். அதுதான் முக்கியம். உங்களுடையது வயர், அவருடையது சுருள். இரண்டுக்கும் ஒரே எரர்தான் வரும்.

நான் இருபது வருடமாக வண்டி வயரிங் பார்க்கிறேன். என் கதை சின்னது. கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது என்று இறக்கிவைத்த ஒரு பெட்டியில் தட்டெல்லாம் புதிது போல இருந்தது. எர்த் வயரின் போல்ட் லூஸ், அவ்வளவுதான். அந்த ஓனரின் முகம் இன்னும் மறக்கவில்லை. அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

எரர் எண்ணை முழுதாகப் படியுங்கள். 0751, 0752 என்றால் சொலினாய்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அழுக்கு, ஆயில், வால்வு என்று பார்க்க வேண்டும். 0753 மின்சுற்று. அதற்குப் பெட்டியைப் பிரிக்க அவசரமே இல்லை. இது முதல் சொலினாய்டுக்கு; இரண்டாவதுக்கு 0758.

கம்ப்யூட்டர் முனையிலிருந்து அளந்தால் வயரும் சுருளும் சேர்ந்து தெரியும். அங்கே தப்பாக வந்தால் பெட்டி முனையில் அளந்து பிரித்துக்கொள்ளலாம். எந்த எண் சரி என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். டொயோட்டாவின் பழைய நாலு கியர் பெட்டிகள் பலவற்றில் 11 முதல் 15 ஓம். ஹோண்டாவில் 12 முதல் 25. மிட்சுபிஷியின் எஃப்4ஏ42 வகையில் 2.7 முதல் 3.4தான். அதைப் பார்த்து ஷார்ட் என்று பயந்து மாற்றியவர்கள் உண்டு. அந்தக் குறைந்த ஓம் சுருளுக்கு பேட்டரியை நேராகக் கொடுத்துப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். நாலு ஆம்பியர் ஓடும், கருகிவிடும். டொயோட்டா வகைக்கு நொடி நேரம் கொடுத்தால் டக் என்று சத்தம் கேட்கும், போதும்.

ஓம் சரியாக இருந்தும் எரர் வருகிறதா? சொலினாய்டுக்குப் பதிலாக 10 வாட் பல்பைக் கனெக்டரில் மாட்டுங்கள். 13 ஓம் சுருள் இழுக்கும் கரண்டைக் கிட்டத்தட்ட அதே அளவு அதுவும் இழுக்கும். மங்கலாக எரிந்தால் வயரிலோ எர்த்திலோ எங்கோ தடை இருக்கிறது. ஒற்றை இழை பிடித்திருந்தாலும் மீட்டர் நல்ல எண் காட்டும், பல்பு காட்டாது.

ஷா ஆலம் அக்கா

ஓம் எல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. எங்களுடையது ஜெர்மன் கார், ஐந்து கியர். இரண்டாவது கியரிலேயே நின்றுவிட்டது. மெக்கானிக் கியர் கம்ப்யூட்டரின் பிளக்கை இழுத்து, வெள்ளை டிஷ்யூவால் துடைத்து என்னிடம் நீட்டினார். சிவப்பு. கியர் ஆயில்! அது பெட்டியில் அல்லவா இருக்க வேண்டும்? பெட்டியோடு சேரும் 13 பின் பிளக்கில் ரப்பர் வளையம் இறுகிப்போய்க் கசிந்திருக்கிறது. வயர் இழைகளுக்கு நடுவே, விளக்குத் திரியில் ஏறுவது போல, ஒரு மீட்டருக்கு மேல் ஏறி வந்திருக்கிறது. பிளக் விலை கொஞ்சம்தான், மாற்றிவிட்டோம். கம்ப்யூட்டரைக் கழுவி உலர்த்திப் போட்டார், வண்டி ஓடுகிறது.

ஆனால் வயருக்குள் ஏறிய ஆயில் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. மாதம் ஒரு முறை நானே அந்தப் பிளக்கை இழுத்து டிஷ்யூ வைத்துப் பார்க்கிறேன். போன வாரமும் லேசாகச் சிவப்பு. வயரையே மாற்ற வேண்டுமா, யாராவது மாற்றியிருக்கிறீர்களா?