ரேடியேட்டர் ஃபேன் சுத்தாம விட்ட அனுபவம்: உங்களுக்கு எங்க மாட்டுச்சு?

வண்டிப்பித்தன்:
ஃபேன் சுத்தல, டெம்பரேச்சர் முள்ளு சிவப்பு கோட்டை தொடுது, இதெல்லாம் எல்லாரும் பார்த்ததுதான், நேரா விஷயத்துக்கு வர்றேன். ஃப்யூஸ் நல்லா இருக்கு, ஃபேனுக்கு கரெண்டை திறந்துவிடற சுவிட்ச், அதான் ரிலே, டிக்குனு சத்தம் போடுது. மெக்கானிக் ஃபேன் கப்ளரை (ஒயர் மாட்டற பிளக்) கழட்டி மீட்டர் வெச்சு பார்த்தார், 12.4 வோல்ட் காட்டுச்சு. கரெண்ட் வந்துடுச்சு, அப்போ மோட்டார்தான் போச்சு, மாத்திடலாம்னுட்டார். எனக்கு மனசு ஒப்பல, பேட்டரியில இருந்து நேரா மோட்டாருக்கு ரெண்டு ஒயர் குடுத்து பாருங்கன்னேன். குடுத்த உடனே ஃபேன் உறுமிக்கிட்டு சுத்துது! மோட்டாரும் நல்லா இருக்கு, கப்ளர்ல 12 வோல்ட்டும் இருக்கு, ரெண்டையும் சேர்த்து மாட்டினா மட்டும் அசைய மாட்டேங்குது.

அப்புறம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்தார். பழைய ஹெட்லைட் பல்பு ஒண்ணுல ரெண்டு ஒயர் சால்டர் பண்ணி வெச்சிருந்தார், அதை மீட்டருக்கு பதிலா கப்ளர்ல சொருகினார். 55 வாட் பல்பு, உள்ள இருக்கற கம்பி மட்டும் மங்கலா சிவந்துச்சு, வெளிச்சமே இல்ல. அதே பல்போட எர்த் ஒயரை மட்டும் எடுத்து பேட்டரி மைனஸ்ல வெச்சார், பளிச்சுனு கண்ணு கூசற மாதிரி எரிஞ்சுது. ஃபேன்ல இருந்து பாடிக்கு போற கருப்பு ஒயரை விரலாலயே தடவிக்கிட்டு போனார், ஹெட்லைட்டுக்கு கீழ போல்ட் பண்ற இடத்துக்கு கொஞ்சம் முன்னாடி கொழகொழன்னு இருந்துச்சு, கீறி பார்த்தா உள்ள செம்பெல்லாம் பச்சை பொடியா போயி ஒத்த இழை மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. மேல பிளாஸ்டிக்ல ஒரு கீறல் கிடையாது. மீட்டர் இழுக்கற கரெண்ட் ஒண்ணுமே இல்ல, அதுக்கு அந்த ஒத்த இழை போதும். ஃபேன் 15, 20 ஆம்பியர் கேக்குமே, அதுக்கு எங்க போறது. லோடு குடுக்காம வெறும் மீட்டர்ல 12 பார்த்துட்டு மோட்டாரை மாத்த சொல்றவங்களை பார்த்தா இப்பவும் எனக்கு பதறுது.

நைட்டிரைவ்:
எனக்கு நடந்தது இதுக்கு நேர் எதிர். முள்ளு ஏறவே இல்ல. டிராஃபிக்ல ஊர்ந்துக்கிட்டு இருக்கேன், முள்ளு நடுவுல இருந்து கொஞ்சம் மேல போச்சு, அப்புறம் சடார்னு கீழ விழுந்து அடியில போய் உக்காந்துடுச்சு. பக்கத்துல இருந்த அக்கா "ஹீட் குறைஞ்சிடுச்சுடா"ன்னாங்க. அவங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள போனட் இடுக்குல இருந்து ஆவி. ஃபேன் ஓடவே இல்ல. காரணம் என்னன்னா அடி ஹோஸ் கிளிப் லூசாகி கூலன்ட் எல்லாம் போயிடுச்சு, சென்சார் தண்ணியில முங்கி இருந்தாத்தான் சரியான சூடு சொல்லும், அது காத்துல தொங்கிக்கிட்டு ஆறிப்போச்சுன்னு சொல்லிக்கிட்டு இருக்கு. அதை நம்பி ஈசியூ (இஞ்சினை கண்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) ஃபேனுக்கு ஆர்டரே குடுக்கல. அந்த முள்ளு விழுந்தது இன்னும் கனவுல வருது. ஒயரை தொடறதுக்கு முன்னாடி இஞ்சின் நல்லா ஆறினப்புறம் கூலன்ட் பாருங்க, டேங்க்ல மட்டும் இல்ல, மூடி இருக்கற வண்டின்னா ரேடியேட்டருக்குள்ளயும் பாருங்க. டேங்க் நிறைய இருந்து ரேடியேட்டர் காலியா கிடந்ததை நானே பார்த்திருக்கேன்.

ரிலேராஜா:
வண்டிப்பித்தன் ப்ரோ, எர்த் கதை சரி, ஆனா "ரிலே டிக்குனுது"ன்னு ஒரே வார்த்தையில தாண்டி போயிட்டீங்களே, அதை படிச்சுட்டு நாலு பேரு ரிலேவை விட்டுடுவாங்க. டிக் சத்தம் வந்தா உள்ள காண்டாக்ட்டை இழுக்கற காயில் வேலை செய்யுதுன்னு மட்டும்தான் அர்த்தம். எங்க வண்டியில அழகா டிக்குனுச்சு, ஃபேன் சுத்தல. மூடியை பிளேடால நெம்பி திறந்தோம், உள்ள காண்டாக்ட் பாயின்ட் ரெண்டும் கரி புடிச்சு, ஒரு பக்கம் குழி விழுந்து கிடந்துச்சு. தொடுது, ஆனா கரெண்ட் தாண்டல. பக்கத்துல அதே நம்பர் போட்ட ஹாரன் ரிலேவை கழட்டி இதுல போட்டோம், ஃபேன் ஓடுச்சு. முதல்ல செய்ய வேண்டியது அதுதான்.

வண்டிப்பித்தன்:
ரிலே காண்டாக்ட் போயிருந்தா எர்த்தை பேட்டரி மைனஸ்ல வெச்சப்போ பல்பு அவ்ளோ பளிச்சுனு எரிஞ்சிருக்காது ப்ரோ. பிளஸ் பக்கம் முழுசும் அந்த ஒரு டெஸ்ட்லயே பாஸ் ஆயிடுச்சு. உங்க வண்டியில ரிலே, ஒத்துக்கறேன், எல்லா வண்டியிலயும் அதுவே முதல்லன்னு சொல்லாதீங்க.

நைட்டிரைவ்:
ஏசி போட்டு பாத்தா ஈசியா தெரிஞ்சிடுமே? ஏசிக்கு ஃபேன் ஓடினா மோட்டார், ரிலே, ஒயர் எல்லாம் ஓகே, சென்சார் பக்கம்தான் பிரச்சனை.

பழையகை:
தம்பி, ஒரே ஃபேன், ஒரே ஸ்பீடு இருக்கற வண்டிக்கு நீங்க சொல்றது சரி. ரெண்டு ஃபேன் வண்டிகள்ல ஏசிக்கு பக்கத்து ஃபேன் மட்டும் ஓடறதும் உண்டு, அதை பார்த்துட்டு ஏமாந்துடக்கூடாது.

என் கதை சின்னது. ஃபேன் நின்னுடுச்சு, இஞ்சின் கொதிக்குது, மரக்கட்டையால மோட்டார் முதுகுல ரெண்டு தட்டு தட்டினேன், சுத்த ஆரம்பிச்சுடுச்சு. மோட்டாருக்குள்ள கரெண்ட் குடுக்கற கார்பன் பிரஷ் தேஞ்சு போயிருந்துச்சு, அதான். வீடு சேர்ற வரைக்கும் ஓடுச்சு, அப்புறம் மோட்டார் மாத்தினேன்.

இப்போ சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கோங்க. ரிலே சாக்கெட்ல 30, 85, 86, 87னு நம்பர் போட்டிருக்கும், 30ல பேட்டரி கரெண்ட், 87 ஃபேனுக்கு போறது, ரிலேவை கழட்டிட்டு அந்த ரெண்டையும் தடிமனான ஒயர்ல ஒரு நிமிஷம் சேர்த்தா ஃபேன் ஓடணும், ஓடினா மோட்டாரும் ஒயரும் எர்த்தும் நல்லாருக்கு, கோளாறு ரிலேல, இல்லேன்னா ரிலேவுக்கு வர்ற ஆர்டர்ல, ரெண்டுல ஒண்ணு. ஓடலேன்னா ஃப்யூஸ்ல இருந்து மோட்டார் வரைக்கும் தேடு. பழைய வண்டியில ரேடியேட்டர்லயே ரெண்டு பின் சுவிட்ச் இருக்கும், அதோட ரெண்டு ஒயரையும் சேர்த்துவிட்டா ஃபேன் ஓடணும், ஆனா அந்த வண்டிகள்ல தெர்மோஸ்டாட் (சூடானதும் தண்ணியை ரேடியேட்டருக்கு திறந்துவிடற வால்வு) திறக்காம மாட்டிக்கிட்டா சுடுதண்ணி ரேடியேட்டருக்கே வராது, சுவிட்ச் ஆன் ஆகாது, ஃபேன் மேல பழி விழும், அடி ஹோஸ் ஜில்லுனு இருக்கான்னு பார். புதுசுல இஞ்சின்ல இருக்கற சென்சார்தான், அதோட கப்ளரை கழட்டினா நிறைய வண்டிகள்ல ஈசியூ பாதுகாப்புக்காக ஃபேனை ஓட விட்டுடும், அது ஒரு நல்ல டெஸ்ட். ஸ்லோ ஸ்பீடு மட்டும் ஓடாம ஃபாஸ்ட் ஓடினா ஸ்லோ ஸ்பீடுக்கு கரெண்டை குறைச்சு விடற ரெசிஸ்டர் போயிருக்கும். அப்புறம் ஃபேன் பொதுவா 95, 100 டிகிரி கிட்டதான் ஆன் ஆகும், இஞ்சின் முழுசா சூடாகறதுக்கு முன்னாடியே சுத்தலைன்னு பதறாதீங்க. கையை மட்டும் உள்ள விடாதீங்க, சாவி எடுத்தப்புறமும் சில வண்டியில தானா சுத்தும். சூட்டுல ரேடியேட்டர் மூடியை திறக்கவே திறக்காதீங்க, உள்ள பிரஷர்ல 100 டிகிரிக்கு மேல இருக்கற தண்ணி திறந்த நொடியில பொங்கி முகத்துல அடிக்கும். வழியில மாட்டிக்கிட்டா ஏசியை ஆஃப் பண்ணி ஹீட்டரை ஃபுல்லா வெச்சு ஓரம் கட்டுங்க.

ரிலேராஜா:
ஐயா, இவ்ளோவும் யாரும் கேக்கலயே. ஆனா 30, 87 ஜம்பர்தான் நானும் சொல்ல வந்தது.

ஸ்கேனர்கை:
பழையகை ஐயா, அந்த ஜம்பர் எல்லா வண்டிக்கும் ஆகாது, இதை சொல்லாம போனா எனக்கு தூக்கம் வராது. இப்போ வர்ற பல வண்டிகள்ல ஃபேனோடயே ஒரு கண்ட்ரோல் மாட்யூல் வருது. தடியா ரெண்டு ஒயர் நேரா பவர், சன்னமா ஒரு சிக்னல் ஒயர். அந்த சன்ன ஒயர்ல நேரா 12 வோல்ட் குடுத்து மாட்யூலை புகைய விட்டதை கண்ணால பார்த்தேன், வண்டிக்காரர் நின்னுக்கிட்டே இருக்கார், பிளாஸ்டிக் கருகின வாடை. அந்த மாதிரி வண்டியில ஸ்கேனர் (ஈசியூல இருந்து தகவல் படிக்கற கருவி) போடுங்க. லைவ் டேட்டால கூலன்ட் 108 டிகிரின்னு காட்டுச்சு, ஃபேன் ஆர்டர் 90 சதவீதம்னு காட்டுச்சு, ஃபேன் அசையல. அப்போ சென்சாரும் ஈசியூவும் சரி, கோளாறு மாட்யூல் பக்கம். தடி ஒயர் ரெண்டுலயும் வண்டிப்பித்தன் சொன்ன அதே பல்பை போட்டு பார்த்தேன், ஃபுல்லா எரிஞ்சுது, அதுக்கப்புறம்தான் ஃபேனை மாட்யூலோட மாத்தினோம்.

வண்டிப்பித்தன்:
ஸ்கேனர்கை, உங்க வண்டியில மாட்யூல் மட்டும் தனியா கிடைக்கலையா, இல்ல ரெண்டும் சேர்ந்துதான் வருமா? தெரிஞ்சவர் ஒருத்தருக்கு இப்போ அதே பிரச்சனை, முழு செட்டும் மாத்தணும்னு சொல்லி உக்கார வெச்சிருக்காங்க.