புதுப்பிப்பு: கருக்கலைப்பு வாக்குவாதத்தில் பேச்சை நிறுத்திய தோழி

கருக்கலைப்பு பெண்ணின் முடிவு என்று நானும், அது ஓர் உயிர் என்று தோழியும் வாதாடி, மூன்று மாதம் பேசாமல் இருந்ததைச் சொல்லி வழி கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நீளமாக மெசேஜ் அனுப்பியது பலிக்கவில்லை. "நேரில் போங்கள், ஏன் என்று மட்டும் கேளுங்கள், எதிர்வாதம் வேண்டாம்" என்ற யோசனைதான் கைகொடுத்தது.

எதிர்பாராதது ஒன்று. அவளுக்குப் பத்தாவது வாரத்தில் கரு தானாகக் கலைந்திருக்கிறது. டிஸ்சார்ஜ் தாளில் 'அபார்ஷன்' என்று இருந்தது. மருத்துவத்தில் தானாகக் கலைவதற்கும் அதே சொல்தான். மடிப்பில் கிழியத் தொடங்கிய அந்தத் தாளை எடுத்துக் காட்டினாள். எனக்குப் பேச்சே வரவில்லை.

என் கருத்து மாறவில்லை, அவளுடையதும்தான். ஆனால் மறுபடி தினமும் பேசுகிறோம். இந்த விஷயத்தை எடுக்கும் முன் மட்டும், "இப்போது பேசலாமா?" என்று கேட்டுக்கொள்கிறோம்.