யாழ்ப்பாண ஹோட்டலில் இரவு தங்க ஒருவரைக் கூட்டி வரலாமா?

ஸ்காபரோ தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். வருகிற ஆவணியில் நல்லூர்த் திருவிழா நேரம் யாழ்ப்பாணம் வருகிறேன். பிறந்தது இணுவில், சின்ன வயதிலேயே கனடா வந்துவிட்டேன், தனியாக ஊருக்கு வருவது இதுதான் முதல் தடவை. பெரியம்மா தன் வீட்டில்தான் நிற்கவேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறா, ஆனால் நான் டவுனில் ஹோட்டல் எடுக்கப்போகிறேன். காரணத்தை நேராகவே சொல்கிறேன், நான் கே, ஆண்களை விரும்புகிறவன். மானிப்பாய்ப் பக்கம் ஒருவரோடு ஒரு வருசத்துக்கு மேலாகக் கதைத்து வருகிறேன். அவர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார், என்னைவிட இரண்டு வயது மூப்பு. வீடியோவில் எத்தனையோ தரம் பார்த்தாயிற்று, இனி நேரில் சந்திக்கவேண்டும், ஓர் இரவாவது சேர்ந்து இருக்கவேண்டும் என்று இருவருக்கும் ஆசை.

ரொறன்ரோவில் யார் அறைக்கு வருகிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. பாங்கொக்கில் நான் நின்ற ஹோட்டலில், வருகிறவரின் அடையாள அட்டையை றிசப்ஷனில் வாங்கி வைத்துவிட்டு, அவர் போகும்போது திருப்பிக் கொடுத்தார்கள், அதோடு விஷயம் முடிந்தது. யாழ்ப்பாணத்தில் நடைமுறை என்ன? ஒருவருக்கென்று புக் பண்ணிவிட்டு இரவில் அவரைக் கூட்டிக்கொண்டு போனால் மறிப்பார்களா? இரண்டு ஆண்கள் என்றால் ஒரு மாதிரிப் பார்ப்பார்களா? பொலிசுக்குச் சொல்வார்களா? சட்டம் இன்னும் இருக்கிறது என்று தெரியும், அது ஹோட்டல் அறைக்குள் வருமா என்பதுதான் விளங்கவில்லை. "வராதே" என்று மட்டும் சொல்லாதீர்கள், வரத்தான் போகிறேன்.

முன்மேசைக்காரன்:

தம்பி, நான் யாழ் நகரில் ஹோட்டல் றிசப்ஷனில் வேலை செய்தவன், இப்போது வேறு தொழில். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

முதலாவது, இரண்டு ஆண்கள் ஓர் அறை எடுப்பது இங்கே யாருக்கும் புதினமே இல்லை. கொழும்பிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள், கலியாண வீட்டுக்கு வருகிற மச்சான்மார், கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் தங்குகிறார்கள். கலியாணம் கட்டாத ஆணும் பெண்ணும் வந்து நின்றால்தான் இங்கே சில இடங்களில் கேள்வி வரும், அறை இல்லை என்றும் சொல்லிவிடுவார்கள். அந்த வகையில் உங்களுக்குப் பிரச்சினை குறைவு.

பிரச்சினை வருவது இரவில் "கெஸ்ட்" கூட்டி வருகிற இடத்தில்தான். ஒருவருக்குப் பதிந்துவிட்டு இரவு பத்து மணிக்குப் பிறகு இன்னொருவரோடு லிஃப்டுக்குப் போனால், எந்த ஆள் என்றாலும் மறிப்பார்கள். அது ஆண் பெண் பார்த்துச் செய்வதில்லை, பதியாத ஆள் மாடியில் இருந்தால் களவு போனாலும் நெருப்புப் பிடித்தாலும் பொறுப்பு றிசப்ஷனில் நிற்கிறவனுக்குத்தான். ஆகவே புக் பண்ணும்போதே இருவர் என்று போடுங்கள். இரட்டைக் கட்டில் அறை கேளுங்கள். தனிக்கட்டணத்துக்கும் இருவர் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள், அந்தக் காசு உங்களை ஒரு பெரிய கரைச்சலிலிருந்து காப்பாற்றும். முடிந்தால் பகலில் இருவரும் ஒன்றாக வந்து பதியுங்கள். அவர் பிந்தி வருவார் என்றால், "என்னுடைய நண்பர் பின்னேரம் வந்து சேருவார்" என்று முதலே சொல்லிவிடுங்கள். சொன்னால் அதை எழுதி வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள், சொல்லாவிட்டால்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

வாச்மேனுக்குக் காசு கொடுத்துப் பின்வாசலால் கூட்டி வரலாம் என்று சிலர் சொல்வார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். இன்றைக்குக் காசு வாங்கியவர் நாளைக்கு இன்னும் கொஞ்சம் கேட்பார், அதுவும் உங்களிடம் கேட்கமாட்டார், நீங்கள் பிளேன் ஏறிய பிறகு உங்கள் நண்பரைத் தேடிப் போய்க் கேட்பார்.

நல்லூர் கோயிலடியில் வீட்டோடு சேர்ந்த கெஸ்ட் ஹவுஸ்கள் நிறைய உண்டு, மேல்மாடியில் அறை, கீழே வீட்டுக்காரர் குடும்பம். நல்ல சனம், நல்ல சாப்பாடு, ஆனால் உங்களுக்கு அது சரிவராது. திருவிழா இருபத்தைந்து நாளும் அங்கே மீன், இறைச்சியும் கிடையாது, யார் ஏறுகிறார் யார் இறங்குகிறார் என்று பார்க்காத கண்ணும் கிடையாது. டவுனுக்குள் மகாத்மா காந்தி வீதிப் பக்கம் உள்ள பெரிய ஹோட்டல்களைப் பாருங்கள். எங்கே என்றாலும் அந்த மாதம் அறை கிடைப்பது கஷ்டம், இப்போதே பதியுங்கள்.

கொக்குவில்:

முன்மேசைக்காரன் அண்ணை சொன்னது ஹோட்டல் பக்கத்துக்குச் சரி. நான் இங்கேயே பிறந்து இங்கேயே இருக்கிற கே. அதனால் மற்றப் பக்கத்தைச் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியில் முழுக்க முழுக்க நீங்கள்தான் இருக்கிறீர்கள், அவர் இல்லை.

றிசப்ஷனில் அவர் தேசிய அடையாள அட்டையைக் கொடுக்கவேண்டும். பெரிய கொப்பியில் பெயர், அட்டை இலக்கம், விலாசம், தொழில் எல்லாம் எழுதுவார்கள், பிறகு இரண்டு பக்கமும் போட்டோக் கொப்பி எடுத்து ஃபைலில் போடுவார்கள். விலாசம் கொழும்பு என்றால் ஒன்றுமில்லை. மானிப்பாய் என்று இருந்தால், பதிகிற பெடியன் தலையை நிமிர்த்தி, "பக்கத்தில்தானே வீடு, ஏன் இங்கே நிற்கிறீர்கள்?" என்று கேட்பான். கெட்ட எண்ணத்தில் இல்லை, இங்கே யாரும் அப்படித்தான் கேட்பார்கள். அடுத்த கேள்வி "சேர், நீங்கள் எந்தப் பள்ளிக்கூடம்?" என்று வரும். அந்தப் பெடியன் அவரிடம் படித்தவனாகவே இருக்கலாம். சில கிலோமீற்றர் தூரத்தில் வீடு இருக்கிற ஒரு வாத்தியார், கனடாவிலிருந்து வந்தவரோடு ஹோட்டலில் இரவு தங்கினார் என்ற ஒரு வரி போதும். பொலிஸ் தேவையில்லை, கோர்ட் தேவையில்லை. அம்மாவின் காதுக்குப் போகும், அதிபரின் காதுக்குப் போகும், அவருக்குப் பேசிக்கொண்டிருக்கிற சம்பந்தத்துக்குப் போகும். நீங்கள் அதற்குள் ஸ்காபரோவில் இருப்பீர்கள்.

அதனால் ஹோட்டலைத் தெரிவு செய்வதை அவரிடம் விடுங்கள். நீங்கள் ஒரு இடத்தைப் பதிந்து அனுப்பினால், காசு கட்டியாயிற்றே என்று மனமில்லாமலும் வருவார். முதலில் கேளுங்கள்: உனக்கு எங்கே பயமில்லாமல் இருக்கும்? என்னைக் கேட்டால், யாழ்ப்பாணத்தில் பகலில் சந்தியுங்கள். நல்லூரடியில் ஐஸ்கிரீம் குடியுங்கள், காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போங்கள், இரண்டு ஆண்கள் மோட்டார்சைக்கிளில் போவதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இரவு தங்குவதை வேறு ஊரில் வையுங்கள். கொழும்பு, அல்லது திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளி. அங்கே பதிவுப் புத்தகத்தில் மானிப்பாய் என்பது தூரத்து ஊர், கேள்வி வராது.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. இவருடையது ஒரு வருசப் பழக்கம், அது வேறு. டேட்டிங் ஆப்பில் இன்றைக்குப் பழகி இன்றைக்கே அறைக்குக் கூப்பிடுவது வேறு. வெளிநாட்டுக்காரர் என்று தெரிந்தால் ஒருவர் வருவார், அரை மணித்தியாலத்தில் இன்னும் இருவர் வந்து கதவைத் தட்டுவார்கள், சிஐடி என்பார்கள், படம் இருக்கிறது என்பார்கள், காசு கேட்பார்கள். அறை இலக்கத்தை மெசேஜில் அனுப்பாதீர்கள். ஆளை முதலில் லொபியிலோ கடையிலோ பாருங்கள். மாட்டிக்கொண்டால் அறைக்குள் வைத்துப் பேசாமல் கீழே றிசப்ஷனுக்கு இறங்குங்கள், கமெராவும் சனமும் இருக்கிற இடத்தில் அவர்கள் நிற்கமாட்டார்கள். ஒரு தரம் காசு கொடுத்தால் அது நிற்காது.

சட்டம் படித்தவள்:

சட்டத்தைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் நடைமுறையில் இருக்கின்றன. 365ஏ ஆண்களுக்கு மட்டும் என்று இருந்தது, 1995இல் திருத்தியபோது அதை எடுத்துவிடுவதற்குப் பதிலாகப் பெண்களையும் உள்ளே இழுத்துவிட்டார்கள். 365ஏக்குத் தண்டனை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். "பொது இடத்திலோ தனியிடத்திலோ" என்றுதான் பிரிவு சொல்கிறது. ஆகவே தம்பி, ஹோட்டல் அறையும் அதற்குள் அடங்கும், கனடாக் கடவுச்சீட்டு இருந்தாலும் அடங்கும்.

மற்றப் பக்கம், 2016இல் உயர் நீதிமன்றம் இப்படியான ஒரு வழக்கில், வயது வந்தவர்கள் இருவரும் சம்மதித்துச் செய்வதில் அரசு தலையிடக்கூடாது என்பதுதான் இன்றைய சிந்தனை என்று சொல்லிச் சிறைத்தண்டனையை ஒத்திவைத்தது, ஆனால் குற்றத்தீர்ப்பு அப்படியே நின்றது. 2023 மே மாதம், இந்தப் பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று அதே நீதிமன்றம் தீர்மானித்தது. சட்டமூலம் நிறைவேறவில்லை, 2024இல் பாராளுமன்றம் கலைந்தது. இந்தியாவில் 2018 செப்டெம்பரில் இதே மாதிரியான 377ஆம் பிரிவு வயது வந்தவர்களின் சம்மத உறவுக்குப் பொருந்தாது என்று நீதிமன்றம் சொன்னது போல இங்கேயும் நடந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நடக்கவில்லை.

நடைமுறையில், ஹோட்டல் அறையில் இரண்டு ஆண்கள் இருந்தார்கள் என்பதை மட்டும் வைத்து வழக்குப் போடமுடியாது, அது குற்றமும் இல்லை. இந்தப் பிரிவு பெரும்பாலும் பயமுறுத்தத்தான் பயன்படுகிறது. போனைத் திற, படத்தைக் காட்டு, காசு தா என்பார்கள். அதைவிட மோசமானதும் உண்டு. கைதானவர்களைக் குதவழிப் பரிசோதனைக்கு அனுப்பியதை 2020இல் ஹியூமன் ரைட்ஸ் வோட்ச் என்ற மனித உரிமை அமைப்பு வெளிப்படுத்தியது. அது பரிசோதனை இல்லை, சித்திரவதை. யாராவது அப்படிக் கேட்டால் சம்மதிக்காதீர்கள். வாசிக்கத் தெரியாத சிங்கள வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள், சட்டத்தரணி வேண்டும் என்று சொல்லுங்கள், நீங்கள் உங்கள் தூதரகத்துக்கு அறிவிக்கக் கேளுங்கள். அவருக்குத் தூதரகம் இல்லை, அதனால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கம் அவருடைய போனில் இருக்கட்டும், ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் உண்டு. கொக்குவில் தம்பி சொன்னதோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன், சட்டத்தின் பாரமும் ஊரின் பாரமும் இங்கே இருக்கிறவர் தலையில்தான் விழுகிறது.

வல்வை மலர்:

நான் திருநங்கை. எங்களுக்கு றிசப்ஷனிலேயே கதை தொடங்கிவிடும், அட்டையில் ஒரு பெயர், நேரில் ஒரு ஆள். 2016க்குப் பிறகு பாலின அங்கீகாரச் சான்றிதழ் எடுத்துப் பிறப்புப் பதிவையும் அடையாள அட்டையையும் மாற்றலாம், மாற்றியவர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. மாற்றாதவரைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால், அவரை மேசைக்கு முன்னால் தனியே நிற்க விடாதீர்கள். பதிகிற நேரம் முழுக்கப் பக்கத்திலேயே நில்லுங்கள், கேள்வி வந்தால் நீங்கள் பதில் சொல்லுங்கள். என் கூட்டாளி ஒருத்தியை மேசையில் வைத்துச் சிரித்தபோது, கூட்டி வந்தவர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அதற்குப் பிறகு அவள் எந்த ஹோட்டலுக்கும் போவதில்லை.

ஸ்காபரோ தம்பி:

எல்லோருக்கும் நன்றி. கொக்குவில், நீங்கள் எழுதியதை அப்படியே அவருக்கு அனுப்பினேன். கன நேரம் பதில் இல்லை. பிறகு கோல் எடுத்தார். டவுன் ஹோட்டல் வேண்டாம் என்று முதலே சொல்ல நினைத்தாராம், நான் குறை நினைப்பேன் என்று சொல்லாமல் இருந்தாராம். திருகோணமலைக்கு வரச் சம்மதம், ஆவணியில் பள்ளிக்கூட விடுமுறையும் வருகிறது, வீட்டில் கோணேசர் கோயிலுக்குப் போவதாகச் சொல்லலாம் என்கிறார். ஒன்றாகப் பயணம் செய்யலாமா, தனித்தனியாகப் போகவேண்டுமா?

கொக்குவில்:

ஒன்றாகப் போவதில் பிழையில்லை, ஆனால் யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் அவருக்குத் தெரிந்த முகங்கள் இருக்கும். அவர் முதல் பஸ்ஸில் போகட்டும், நீங்கள் வவுனியாவில் சேர்ந்துகொள்ளுங்கள், அங்கிருந்து திருகோணமலைக்கு பஸ் இருக்கிறது. அவருக்கு ஒன்றாகவே போக விருப்பம் என்றால் அதையே செய்யுங்கள். ஆணுறையை இங்கேயே டவுன் பார்மசியில் வாங்கிக்கொண்டு போங்கள், அவரை மானிப்பாயில் வாங்கச் சொல்லாதீர்கள்.

முன்மேசைக்காரன்:

ஆவணி கிழக்குக் கடற்கரைக்கு சீசன், உப்புவெளியில் வெள்ளைக்காரர் நிறைந்திருப்பார்கள், விலையும் கூட. இருவர் பெயரையும் போட்டு இந்த வாரமே பதியுங்கள். ரத்துச் செய்தால் காசு திரும்ப வருகிற மாதிரிப் பதியுங்கள், கடைசி நேரத்தில் அவருக்கு வரமுடியாமல் போனாலும் அவர் மேல் பாரம் இருக்காது.