மறு: குதிரைகளின் ‘ரெயின் ராட்’: மழை அழுகலா, மழைப்பொருக்கா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம். மழையில் நனையும் குதிரைகளுக்கு வரும் ‘ரெயின் ராட்’ என்ற தோல்நோய்க்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் உரையாடலில், முன்வந்த இரண்டு பரிந்துரைகளுக்கு என் மறுமொழி இது.

> ‘மழை அழுகல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

சொல்லுக்குப் பொருந்துகிறது, நோய்க்குப் பொருந்தவில்லை என்பதே என் தயக்கம். வேளாண்மையிலும் கால்நடை மருத்துவத்திலும் ‘அழுகல்’ ஏற்கெனவே பொருள் உறுதிப்பட்ட சொல். வேரழுகல், தண்டழுகல், ஆட்டுக்கு வரும் குளம்பழுகல் ஆகிய மூன்றிலும் திசு நைந்து கெடுகிறது. இந்த நோயிலோ கிருமி பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிடுகிறது. மழையில் ஊறிய தோலில் சீழ் கசிந்து, மயிரோடு சேர்ந்து காய்ந்து, முதுகிலும் பிட்டத்திலும் மழைநீர் வழிந்த தடங்களிலும் பொருக்குப் பொருக்காக ஒட்டிக்கொள்கிறது. ஒரு பொருக்கைத் தூக்கினால் மயிர்க்கற்றையும் தூரிகை போல அதனுடன் வந்துவிடும். அடியில் ஈரமான, சிவந்த தோல் தெரியும். மயிர் அடர்ந்த குதிரையில் இது கண்ணுக்குத் தெரியும் முன்பே, தடவிப் பார்க்கும் கையில் தட்டுப்படும்.

> ‘மழைச்சிரங்கு’ எல்லோருக்கும் புரியுமே?

புரியும், ஆனால் தவறாகப் புரியும். சிரங்கு என்றதும் அரிப்பும், தோலைக் குடையும் நுண்பூச்சிகளும் நினைவுக்கு வருகின்றன. இந்த நோயில் பொதுவாக அரிப்பு இருப்பதில்லை. தொட்டால் குதிரை வலியால் விலகும். வட்ட வட்டமாக மயிர் உதிரும் படர்தாமரையும் வேறு. அது பூஞ்சையால் வருவது.

இங்கே என் பிழையையும் ஒப்புக்கொள்கிறேன். உதகைக் குதிரைக்காரர்களுக்காக நான் எழுதிவரும் கையேட்டின் முதல் வரைவில் ‘மழைப்பூஞ்சை’ என்றே எழுதியிருந்தேன். இந்த நோயின் கிருமி, 1915இல் பெல்ஜியக் காங்கோவின் மாடுகளில் வான் சாசெகம் என்ற கால்நடை மருத்துவர் முதலில் விவரித்த ‘டெர்மட்டோஃபிலஸ் காங்கோலென்சிஸ்’. அது பூஞ்சை போல இழை விட்டுக் கிளைப்பதால் பலரையும் ஏமாற்றியிருக்கிறது. உண்மையில் அது பாக்டீரியா. பொருக்கின் அடிப்பக்கத்தைக் கண்ணாடிச் சில்லில் ஒற்றி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், உருண்டை அணுக்கள் தண்டவாளம் போல இணை வரிசைகளில் நிற்பதைக் காணலாம். பெயரில் பூஞ்சை இருந்தால் பூஞ்சைக் களிம்பைத்தான் வாங்கிப் பூசுவார்கள். அதனால் இந்த நோய் தீராது.

கிருமியின் பெயரையும் தமிழாக்கக் கேட்டிருந்தார் ஒரு நண்பர். ‘தோலை விரும்புவது’ என்பதே அதன் பொருள். ஆனால் ‘தோல்விரும்பி’ என்று சேர்த்தெழுதினால் கண் முதலில் ‘தோல்வி’ என்றே படிக்கிறது! அதை ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடலாம்.

ஆகவே நான் முன்வைப்பது ‘மழைப்பொருக்கு’. காய்ந்த ஏரியின் மண்ணுக்கும் ஆறுகிற புண்ணுக்கும் நாம் வழங்கும் சொல்தான் பொருக்கு. நோயைத் தூண்டுவது எது, கைக்குத் தட்டுப்படுவது எது என்ற இரண்டையும் இப்பெயர் சொல்லிவிடுகிறது. இதிலும் ஒரு குறை உண்டு. பொருக்கு என்றால் பிய்த்தெறியத் தோன்றும். உலர்ந்த பொருக்கைப் பிய்த்தால் குதிரைக்கு வலிக்கும், தோலும் கிழியும். எனவே சொல்லின் விளக்கத்திலேயே மருத்துவத்தின் வரிசையையும் சேர்க்க வேண்டும். முதலில் குதிரையை நனையாத இடத்துக்கு மாற்ற வேண்டும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியின் கரைசலால் பொருக்கை ஊறவைத்து, சுமார் 10 நிமிடம் கழித்து, இளகியதை மட்டும் மெல்ல எடுத்து, அலசி, நன்றாக உலர்த்த வேண்டும். எடுத்த பொருக்கில் கிருமி நெடுநாள் உயிரோடு இருக்குமாதலால் அதைக் கொட்டிலில் போடாமல் அப்புறப்படுத்த வேண்டும். தூரிகையையும் போர்வையையும் மற்றக் குதிரைக்குப் பயன்படுத்தக் கூடாது. எண்ணெய் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். பரவலாகிவிட்டால் பெனிசிலின் ஊசி தேவைப்படலாம், அது கால்நடை மருத்துவரின் முடிவு.

பெயர் முடிவாகாமல் நிற்பது காலில் வரும் நோய்க்கு மட்டுமே. குளம்புக்கு மேலே, பின்பக்க மடிப்பில் வரும் ‘மட் ஃபீவர்’ என்பதற்குச் ‘சேற்றுப்புண்’ என்ற பெயரை அம்மையார் ஒருவர் பரிந்துரைத்தார். வயலில் நிற்பவரின் கால்விரலிடுக்கில் வருவதை நாம் நெடுங்காலமாக அப்படித்தான் அழைக்கிறோம். அதையே குதிரைக்கும் நீட்டலாமா, அல்லது ‘சேற்றுப்பொருக்கு’ என்று பிரிக்கலாமா? மழைப்பொருக்கின் கிருமியோடு வேறு பாக்டீரியாக்களும் நுண்பூச்சிகளும்கூட அந்த நிலைக்குக் காரணமாகின்றன என்பதால், ஒரே கிருமியைச் சுட்டாத ‘சேற்றுப்புண்’ பக்கமே நான் சாய்கிறேன். மாற்றுக் கருத்திருப்பவர்கள் இதே இழையில் எழுதுங்கள்.