கோலாவை விட்டுவிட்டேன், நெரூதாவை விட முடியவில்லை. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பொருநை வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். வெகுநாளாக உள்ளே கிடந்து உறுத்துகிற ஒரு கேள்வி இது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு கோலா என்றால் அவ்வளவு இஷ்டம். ருசியைப் பற்றித் தீர்மானமான கருத்தும் உண்டு. பெப்சி முதல் வாயிலேயே இனிப்பை எல்லாம் கொட்டிவிடும், கடைசி மடக்கில் ஒன்றும் மிஞ்சாது. கோக்கில் இனிப்புக்குப் பின்னால் ஒரு புளிப்பும் லேசான பட்டை வாசமும் வரும். தம்ஸ் அப்தான் என் கட்சி. இனிப்பு குறைவு, கேஸ் அதிகம், தொண்டையில் ஒரு காரம். ஐஸ் போடாமல், கண்ணாடி பாட்டிலில், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் குடிக்க வேண்டும்.

2017-இல் எல்லாவற்றையும் விட்டேன். ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, மார்ச் 1 முதல் கோக்கும் பெப்சியும் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தது நினைவிருக்கும். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் தரக் கூடாது என்று வழக்கு நடந்தது. 2016 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. கடைக்காரர்கள் விற்பனையை நிறுத்திய மறுநாள், மார்ச் 2 அன்று, வழக்கு தள்ளுபடி ஆயிற்று. எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் அதே ஆற்றுத் தண்ணீர். அன்று வைத்ததுதான், திரும்ப எடுக்கவில்லை. தம்ஸ் அப்பையும் சேர்த்தே விட்டேன். 1977-இல் கோக்க கோலா இந்தியாவை விட்டுப் போனபோது அந்த இடத்துக்கு வந்த பானம் அது, ஆனால் 1993-இல் அவர்களே வாங்கிவிட்டார்கள். பிடித்தது என்பதற்காக அதற்கு மட்டும் சலுகை கொடுப்பது சரியில்லை. முதல் கோடை கஷ்டமாக இருந்தது. அப்புறம் பொவன்டோவின் திராட்சை வாசத்துக்கு நாக்கு பழகிவிட்டது. இப்போது யாராவது கோக் நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடிகூட யோசிப்பதில்லை.

சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதா விஷயத்தில் இப்படி நடக்கவில்லை.

கல்லூரியில் படிக்கும்போது அவருடைய காதல் கவிதைகளைத் தமிழில் படித்தேன். பிடித்த வரிகளை நோட்டில் எழுதி வைத்தேன். தோழியின் நிச்சயதார்த்தத்தில் ஒரு கவிதையை எழுந்து நின்று வாசித்தேன். மழைக்கும் பிரிவுக்கும் நான் இன்று வைத்திருக்கிற சொற்களில் பாதி அங்கிருந்து வந்தவைதான்.

அவருடைய நினைவுக் குறிப்புகளைப் பிறகுதான் படித்தேன். அவர் 1973-இல் இறந்தார், புத்தகம் 1974-இல் வந்தது. 1929-இல் சிலி நாட்டுத் தூதரக அதிகாரியாகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் கடலோரம் ஒரு பங்களாவில் இருந்திருக்கிறார். தினமும் அதிகாலையில் அந்த வீட்டின் கழிப்பறை வாளியை எடுத்துப் போக ஒரு பெண் வருவாள். தமிழ்ப் பெண். அவள் சாதியையும் எழுதியிருக்கிறார். மலிவான சிவப்பும் பொன்னிறமுமான சேலை, காலில் கனத்த வளையம், மூக்கின் இருபுறமும் சிவப்புக் கல். அவள் வரும் வழியில் பட்டும் பழமும் வைத்துப் பார்க்கிறார். அவள் திரும்பியே பார்ப்பதில்லை. ஒரு நாள் காலையில் மணிக்கட்டைப் பிடித்து அறைக்குள் கூட்டிப் போய்விடுகிறார். கண்ணைத் திறந்தபடியே சிலைபோலக் கிடந்தாள் என்றும், அவள் தன்னை வெறுத்தது நியாயம்தான் என்றும் அவரே எழுதுகிறார். அப்புறம் வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

கல்லின் நிறம்வரை நினைவில் வைத்திருக்கிறவர் அவள் பெயரை எழுதவில்லை. கேட்டிருக்கவே மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். என்னால் தாண்ட முடியாத இடம் இதுதான். அவர் கவிதை எங்கே போனாலும் பொருள்களுக்குப் பெயர் சொல்லிக்கொண்டே போகும். வெங்காயத்துக்கும் உப்புக்கும் காலுறைக்கும் தனித்தனியாகப் பாட்டு எழுதியவர் அவர்.

கோலாவுக்கு மாற்று இருந்தது, மாறிவிட்டேன். இந்தக் கவிதைகள் எனக்குள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. எதை எடுத்து வெளியே வைப்பது? கலை வேறு கலைஞன் வேறு என்ற பொதுப் பதில் வேண்டாம். உங்கள் அலமாரியில் அந்த மாதிரிப் புத்தகம் ஒன்று இருந்தால் அதை என்ன செய்தீர்கள், அதைச் சொல்லுங்கள்.

கடைக்காரன் விருதுநகர்:

அக்கா, பொவன்டோ பேரைச் சொன்னதால் எழுதுகிறேன். அதைத் தயாரிக்கிற காளிமார்க் எங்கள் ஊரில் 1916-இல் ஆரம்பித்தது. நூறு வயது தாண்டிய கம்பெனி. அந்த ருசி உங்களுக்குப் பழகியது இல்லை அக்கா, அது நல்ல ருசி. உடனே குடிக்கக் கூடாது, மூடியைத் திறந்து அரை நிமிஷம் விட்டால் திராட்சை வாசம் மேலே வரும்.

2017-இல் எங்கள் கடையிலும் நிறுத்தினோம். பெரிய கம்பெனிக்காரர்கள் கடைக்கு ஃப்ரிட்ஜ் கொடுப்பார்கள், அதில் அவர்கள் சரக்கைத்தான் வைக்கணும் என்பது பேச்சு. ஃப்ரிட்ஜ் போய்விட்டால் கோடையில் பால் பாக்கெட்டை எங்கே வைப்பது? அதனால்தான் நிறைய கடைகளில் சில மாதத்தில் பழைய பாட்டில்கள் திரும்பி வந்தன. கொள்கை இல்லாமல் போனதால் என்று வெளியில் பேசுகிறார்கள், அது முழு உண்மை இல்லை.

நான் நெரூதா படித்ததில்லை. ஒன்று மட்டும் தோன்றுகிறது. நீங்கள் ஒரு பாட்டில் வாங்காவிட்டால் அந்தக் கம்பெனிக்கு ஒரு பாட்டில் நஷ்டம், மறுநாளே கணக்கில் தெரியும். செத்துப்போனவர் புத்தகத்தை மூடி வைத்தால் அவருக்கு என்ன நஷ்டம்? இது புறக்கணிப்புக் கணக்கில் வராது அக்கா. வேறு ஏதோ கணக்கு.

காலி வீதி:

சகோதரி, நான் வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள். உங்கட ஊரில் பொவன்டோ மாதிரி எங்களுக்கு நெக்டோ. சிவப்பாய் இருக்கும், நாக்கும் சிவக்கும். பிறந்தநாள் வீடுகளில் அதுதான். அந்தக் கதை இருக்கட்டும்.

கொழும்பு நகரத் துப்புரவு வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்களைக் கொண்டுவந்தது பிரித்தானியர் காலத்து ஏற்பாடு. வாளி மலசலகூடம் இருந்த காலத்தில், வீட்டுக்காரர் எழும்ப முன்னம் பின்பக்கத்தால் வந்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அவர்கள் கண்ணில் படக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் முதல் விதி. நெரூதா அவளைக் கண்டதை ஒரு அதிசயமாக எழுதுகிறார். அவள் எந்த வீட்டிலும் யாரையும் நிமிர்ந்து பார்க்கக் கூடாத நிலையில் வைக்கப்பட்டிருந்தவள். அவர் வைத்த பட்டைத் திரும்பிப் பார்க்காததற்கு அகங்காரமோ அலட்சியமோ காரணம் இல்லை. அந்த வீட்டில் ஒரு பொருளை எடுத்தால் திருட்டு என்று சொல்லிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். 1924-இல் வந்த காதல் கவிதைகள் அவர் பத்தொன்பது வயதில் எழுதியவை, கொழும்பு பிறகுதானே என்று ஒரு நண்பர் சொன்னார். சரி, அதை ஏற்கலாம் என்றே வைப்போம். 1933-இல் வந்த தொகுப்பில் இருப்பவற்றில் பல அவர் இங்கே இருந்த காலத்தில் எழுதியவை. அந்தத் தனிமை, அந்தப் புழுக்கம், அந்தக் கடல் எல்லாம் எங்கட கடற்கரை. அவர் தனிமையைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வரியிலும், அந்த நேரம் பின்பக்கத்தால் யார் வந்துபோனது என்றுதான் எனக்கு யோசனை ஓடுகிறது. கவிதை கேட்கவே இல்லை.

நீங்கள் வாசியுங்கள், தடுக்கவில்லை. என்னால் ஏலாது.

பழைய புத்தகப் பிரியர்:

அம்மா, எனக்கும் இப்படி ஒருவர் உண்டு. நார்வேக்காரர் நட் ஹாம்சன். க.நா.சு. மொழிபெயர்த்த அவருடைய நாவல் 'நிலவளம்', என் அப்பா வைத்திருந்த பிரதி, அட்டை போய்விட்டது, இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒருவன் காட்டுக்குள் நடந்து போய் இடம் பார்த்து நிலத்தைத் திருத்துகிற அந்தத் தொடக்கத்தை எத்தனை முறை படித்தாலும் அலுக்காது. 1920-இல் நோபல் பரிசு வாங்கிய அதே மனிதர் 1943-இல் அந்தப் பதக்கத்தை ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்சுக்கு அனுப்பினார். 1945 மே மாதம் ஹிட்லரைப் புகழ்ந்து பத்திரிகையில் இரங்கல் எழுதினார். போர் முடிந்ததும் விசாரணை, பெரிய அபராதம்.

நான் 'நிலவளம்' படிப்பதை விடவில்லை. ஆனால் படிப்பது மாறிவிட்டது. மண்ணை உழுகிறவனே உயர்ந்தவன், நகரத்தான் பதர் என்று அவர் சொல்லுமிடம் முன்பு இனித்தது, இப்போது அங்கே நிதானிக்கிறேன். 1943-இன் விதை கொஞ்சம் அங்கேயும் இருக்கிறது.

ஆனால் உங்கள் கவிஞர் விஷயம் வேறு. ஹாம்சன் செய்தது புத்தகத்துக்கு வெளியே. நெரூதா செய்ததை நெரூதாவே எழுதி, அழகான உரைநடையில் எழுதி, நம் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஒப்புக்கொண்டாரே என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்புதலாகத் தெரியவில்லை. ஒப்புக்கொள்கிறவன் யாரிடமாவது போய் நிற்பான்.

நள்ளிரவு ரயில்:

எனக்கு இதில் குழப்பமே இல்லை. தூக்கிப் போடுங்கள். படிக்க எவ்வளவோ இருக்கிறது. சிலியிலேயே 2018-இல் சாண்டியாகோ விமான நிலையத்துக்கு நெரூதா பெயர் வைக்கலாம் என்று நாடாளுமன்றக் குழு ஒன்று ஒப்புக்கொண்டபோது பெண்கள் அமைப்புகள் எதிர்த்து நின்றன. பெயர் மாறவில்லை. அவருடைய சொந்த நாட்டுப் பெண்கள் நம் பெண்ணுக்காகப் பேசினார்கள். நாம் இங்கே இன்னும் நிச்சயதார்த்தத்தில் அவர் கவிதை வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

பொருநை வாசகி:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கடைக்காரத் தம்பி, நீங்கள் சொன்ன கணக்கு சரி. கோலாவை விட்டது என் ஆற்றுக்காக. அங்கே நான் வாங்காமல் இருப்பதற்கு ஒரு விலை உண்டு. இங்கே அது இல்லை. ஃப்ரிட்ஜ் விஷயத்தைச் சொன்னதும் நல்லது, எங்கள் தெருக் கடைக்காரரிடம் இனி முகம் சுளிக்காமல் பேசுவேன்.

நள்ளிரவு ரயில், விமான நிலையத்துப் பெண்கள் பக்கம்தான் நானும். ஒரு நகரத்தின் வாசலில் பெயர் எழுதுவது மரியாதை. மரியாதை செய்ய வேண்டியதில்லை. ஆனால் புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பெண் இந்த உலகத்தில் இருந்தாள் என்பதற்கு நம்மிடம் உள்ள தடயம் அந்தச் சில பத்திகள்தான். அவரைத் தூக்கிப் போட்டால் அவளும் சேர்ந்து போய்விடுவாள். அவருக்கு அது வசதி.

காலி வீதி அக்கா, பட்டை எடுத்தால் திருட்டுப் பட்டம் வரும் என்று நீங்கள் எழுதியது என்னை உலுக்கிவிட்டது. அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் அவர் கண்ணால்தான் அவளைப் பார்த்திருக்கிறேன். அவள் பக்கமிருந்து அந்த வீட்டைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது நீங்கள். உங்களால் வாசிக்க ஏலாது என்பதை வாதாடி மாற்றப் போவதில்லை, அதற்கு எனக்கு உரிமையும் இல்லை.

நான் என்ன செய்யப் போகிறேன் என்றால், பொது நிகழ்ச்சியில் காதல் கவிதை வாசிப்பதை நிறுத்துகிறேன். யார் கேட்டாலும் இனி இல்லை. வீட்டில் படிப்பேன், பிடிக்கும் என்பதை மறைக்க மாட்டேன். எங்கள் வாசிப்பு வட்டத்துக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள், போன மாதம் ஒரு பெண் நெரூதாவில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டாள். கவிதையைக் கொடுக்கும்போதே கொழும்புப் பக்கங்களையும் சேர்த்துக் கொடுக்கப் போகிறேன். அடுத்த கூட்டத்தில் அந்தப் பகுதியை முழுதாக வாசித்துப் பேசுகிறோம். காலி வீதி அக்கா மேலே எழுதியதையும் அங்கே வாசிக்க அனுமதி வேண்டும். கொழும்புத் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றி அந்தக் குடும்பங்களில் இருந்தே யாராவது எழுதியது தமிழில் இருந்தால் அதையும் சொல்லுங்கள் அக்கா, வாங்கி வட்டத்தில் வைக்கிறேன்.

காலி வீதி:

தாராளமாக வாசியுங்கள். புத்தகம் பற்றி இங்கே இரண்டு பேரிடம் கேட்கிறேன், கிடைத்தால் இங்கேயே எழுதுகிறேன்.